நகலாக்கத்திற்கு எதிராக மூன்று மகன்கள்

முதலில் இந்தக் கால்சட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஐயா. இது என்னுடையதன்று, என் இளைய மகனுடையது. அவன் இடுப்புக்கு வயது இருபத்தொன்று, என் இடுப்பு அறுபதைக் கடந்துவிட்டது. பொத்தான் பூட்ட மறுத்ததால் ஒரு கயிற்றால் கட்டியிருக்கிறேன். ஆகையால் என் வாக்குமூலத்தை எழுத நீங்கள் அறைக்குள் வந்தபோது நான் எழுந்து வணங்காதது அவமதிப்பு அன்று, அச்சம். தலையில் இருப்பதும் என் முடியன்று. அதை நான் கழற்றுவதில் உங்களுக்கு மறுப்பில்லையென்றால் கழற்றி மேசைமேல் வைக்கிறேன்; மிகவும் அரிக்கிறது.

நான் கல்லூரியில் பழம்பாடல்களைக் கற்பித்து ஓய்வுபெற்றவன். துதிப்பாடல்களில் தோய்ந்த நெஞ்சு எனக்கு வாய்த்தது என் பேறு. அப்பாடல்களெல்லாம் இறைவனைப் பலபடப் புகழ்ந்தாலும், என்னை உருக்கியது ஒரே புகழ்ச்சிதான்: அவன் எதையும் இரண்டாம் முறை செய்வதில்லை. ஒரே கிளையின் இரண்டு இலைகளைப் பறித்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள், விளிம்பு பொருந்தாது. கோடானுகோடி முகங்களை வனைந்தும் கை சலிக்காமல், ஒவ்வொன்றையும் புதிதாகவே வனைகின்றான். ஆகையால் மனிதரை நகலெடுப்பதை நான் எதிர்த்தேன். இன்றும் எதிர்க்கிறேன். நடந்தவற்றைக் கேட்டபின் உங்களுக்கு ஐயம் எழக்கூடும் என்பதால் இதனை முதலிலேயே பதிந்துகொள்ளுங்கள்.

எங்கள் நகரின் மருத்துவமனை, குடும்பங்கள் சில கூடித் தம் கைப்பொருளால் கட்டியது. அக்குடும்பங்களைச் சேர்ந்தவர்களே உறுப்பினர். அவர்களுக்குச் சிகிச்சை ஆயுள் முழுதும் இலவசம். அங்கே எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பதையும் அவர்களே, இருபத்தொரு வயது நிரம்பிய ஒவ்வொருவரும், வாக்களித்து முடிவு செய்வார்கள். கட்டிய பெரியவர்கள் ஒரு விதியும் வைத்தார்கள். ஒரு தீர்மானம் தோற்றால், அன்று தொட்டிலில் கிடக்கும் பிள்ளைகள் வளர்ந்து வாக்குரிமை பெறும்வரை அதை மீண்டும் எழுப்பலாகாது. தோற்றவன் மறுநாளே மல்லுக்கு நிற்கக் கூடாது, அடுத்த தலைமுறையைக் கேட்டுவிட்டு வரட்டும் என்பது அவர்கள் எண்ணம். நல்ல விதி. அதைப் படித்துப் பொருள்கொள்ளத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பது பின்னர் விளங்கியது.

அங்கே கருத்தரிப்புப் பிரிவை நடத்துபவர் ஒரு பெண் மருத்துவர். நகரமே அவரைத் தொட்டில் டாக்டர் என்றழைக்கும். பிள்ளையில்லாதவருக்கு அவருடைய உடலணு ஒன்றிலிருந்தே, அச்சு அசலாக அவரைப் போன்ற குழந்தையை உண்டாக்கித் தரும் சிகிச்சையை அவர் தொடங்க முனைந்தார். அதற்குத் தடை கோரித் தீர்மானம் கொண்டுவந்தவன் நான்.

கூட்டத்தில் நான் உரைத்தவை எவையென்று கேட்டீர்களானால், சாரத்தை மட்டும் சொல்கிறேன். பிறக்கும் ஒவ்வோர் உயிரும் தன் நாளைத் தானே திறந்து பார்க்க வந்தது. ஏற்கெனவே ஒருவர் வாழ்ந்து பழகிய முகத்தை அதற்கு மாட்டிவிடுவது, படித்துக் கசங்கிய புத்தகத்தைக் கையில் திணித்து முடிவையும் முன்னரே சொல்லிவிடுவதாகும். அடுத்து, பிள்ளை பிள்ளைக்காகவே பிறக்க வேண்டும்; பிறருடைய ஒரு காரியம் முடியும்பொருட்டுப் பிள்ளை செய்துகொள்பவன் தட்டு முட்டுச் சாமான் வாங்குபவனுக்கு ஒப்பாவான். பின்னும், தந்தையும் தமையனும் ஒருவரே ஆகிவிட்டால் உறவு என்னும் கட்டடத்தின் எந்தத் தூணைப் பிடித்து நிற்பது. அன்றியும், அப்படிப் பிறக்கும் உடல் எந்த நோயைச் சுமந்து வரும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. இவற்றைத் தக்க மேற்கோள்களுடன் விரித்துரைத்தேன்.

இரண்டு வாக்குகளில் தோற்றேன். என் பக்கத்தார் சிலர் என் உரை முடிவதற்குள் பசி பொறுக்காமல் வீட்டுக்குப் போய்விட்டதாகப் பின்னர் அறிந்தேன். என் மனைவி கடைசிவரை இருந்தாள். இருந்து எனக்கு எதிராக வாக்களித்தாள்.

"நீங்க பேசினது நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா உங்க பேச்சைக் கேட்டு எங்கூட உக்காந்திருந்த பொண்ணு அழுதா. அவளுக்குக் குழந்தை இல்லைங்க. அவ வயித்தெரிச்சலை நான் ஏன் கொட்டிக்கணும்" என்றாள்.

எங்களுக்கும் அப்போது பிள்ளையில்லை. இறைவன் வழி காட்டும்போது விளக்கை நேரே முகத்தில் பிடிக்க மாட்டான்; தரையில்தான் ஒளி விழும். எனக்கும் அப்படியே விழுந்தது. இரண்டு வாக்குக் குறைவு. மூன்று பிள்ளைகள் இருந்தால், வயது நிரம்பியதும், ஒரு வாக்கில் வெற்றி. ஆனால் இயல்பாகப் பிறக்கும் பிள்ளைகளை நம்புவதற்கில்லை. பாதி தாயைக் கொண்டு பிறக்கும். தாய் எப்படி வாக்களிப்பவள் என்பதைச் சற்றுமுன் சொன்னேன். என்னைப் போலவே எண்ணும் மூவர் எனக்குத் தேவைப்பட்டனர். அந்த வசதி நகரில் ஓரிடத்தில்தான் இருந்தது.

தொட்டில் டாக்டர் என்னைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"என்ன சார் இந்தப் பக்கம்? மேடையில என்னை அரக்கின்னு சொன்னீங்க."

"சொன்னேன். அக்கருத்தில் மாற்றமில்லை."

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

"என்னைப் போல மூன்று வேண்டும்."

"ஒண்ணு போதாதா? உங்களுக்கே உங்களை அவ்வளவு பிடிக்குமா?"

"கணக்குப்படி மூன்று."

அவர் அதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார். மனைவிக்குத் தெரியுமா என்றும் கேட்டார். தெரியும், கூச்ச சுபாவம், அவளிடம் இதைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம் என்றேன். மனைவியிடம், இது வழக்கமான கருத்தரிப்புச் சிகிச்சை என்றேன். இரண்டு பேருக்கும் ஒரே பொய்யைச் சொல்லாமல் தனித்தனியே பொருத்தமாகச் சொன்னேன்.

மூவரும் ஒரே சூலில் பிறந்தார்கள். பார்க்க வந்தவர்கள் அனைவரும், "அப்பனை அப்படியே உரிச்சு வெச்சிருக்கு" என்றார்கள். என் மனைவி பெருமையாகச் சிரித்தாள். நானும் சிரித்தேன். உலக வழக்கில் இவ்வளவு துல்லியமான சொல் வேறு அமையாது.

மூத்தவன், நடுவன், இளையவன் என்றே சொல்கிறேன். குறையின்றி வளர்த்தேன். காலையில் எழுந்து பல் துலக்கியதும் மூவரும் நகலாக்கத்திற்கு எதிரான என் வாதங்களை ஓத வேண்டும், அதன்பின்தான் பால். எல்லாவற்றையும் மூவருக்கும் புகட்டுவது மிகை என்பதால் ஆளுக்கொன்று பிரித்துக் கொடுத்தேன். உயிரின் தனித்தன்மை மூத்தவனுக்கு, பிள்ளை கருவியாகலாகாது என்பது நடுவனுக்கு, உறவு குலையும் என்பது இளையவனுக்கு. பள்ளியில் மாறுவேடப் போட்டிக்கு மற்றப் பிள்ளைகள் புலியும் கிளியுமாகப் போனபோது இவர்கள் மூவரும் சால்வை போர்த்து என்னைப் போலவே போனார்கள். பரிசு கிடைக்கவில்லை. வேடமே போடவில்லை என்று ஆசிரியை சொல்லிவிட்டாராம்.

வளர்ந்தபின் சிறிது ஏமாற்றம் நேர்ந்ததை மறைக்க மாட்டேன். மூத்தவன் முடிதிருத்தும் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தான். நடுவன் மின்தூக்கி பழுதுபார்க்கிறான். இளையவன் விழாக்களில் பலகுரலில் பேசிச் சிரிக்கவைக்கிறான். அவனுக்கு அதிகக் கைத்தட்டல் பெற்றுத் தருவது என் குரல் என்று கேள்வி. பழம்பாடலில் ஒரு வரியும் எவன் நெஞ்சிலும் தங்கவில்லை. நடுவனுக்கு மட்டும் பிறவியிலேயே மூச்சிரைப்பு. எனக்கு அந்த நோய் இல்லை. இன்ஹேலர் இல்லாமல் அவன் வெளியே போவதில்லை. வருடத்தில் சில முறையாவது அந்த மருத்துவமனைக் கட்டிலில் படுத்து எழுவான். என் நான்காம் வாதம் இவ்வாறு என் வீட்டிலேயே மெய்ப்பட்டது. ஆய்வாளனுக்கு அது ஒருவகையில் நிறைவுதான்.

அவர்களுக்கு வயது நிரம்பிய மாதமே தீர்மானத்தை மீண்டும் கொண்டுவந்தேன். இம்முறை அதில் புதிதாக ஒரு விதியும் சேர்த்தேன்: தீர்மானம் நிறைவேறிய மறுநாள் முதல், நகலாகப் பிறந்தவர் எவரும் உறுப்பினராகக் கருதப்பட மாட்டார். நகலுக்கு உரிமை தந்துவிட்டு நகலாக்கத்தைத் தடுப்பது முறையன்று. வீடு வீடாகச் சென்று ஆதரவு திரட்டி எண்ணிப் பார்த்தேன். இறந்தவரையும் புதிதாகச் சேர்ந்தவரையும் கழித்துக் கூட்டியபின், என் பிள்ளைகள் நீங்கலாக அதே இரண்டு வாக்குக் குறைவு. மெய்சிலிர்த்தது.

வாக்களிப்புக்கு முந்திய மாலை, உணவு மேசையில் உண்மையைச் சொன்னேன். தாம் எதற்காக உலகிற்கு வந்தோம் என்பதை அறிந்தால் எந்த உயிரும் மகிழும் என்பது என் கணிப்பு.

என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப சுமந்து பெத்தவ நான் யாருங்க? ஜெராக்ஸ் கடையா?"

"நீ தாய். அதில் ஐயமில்லை."

"ஐயமில்லையாம். ஊரே உரிச்சு வெச்சிருக்குன்னு சொல்றப்ப நான் பல்லைக் காட்டிட்டு நின்னேன். வாயில ஏதாவது வருது, பிள்ளைங்க இருக்கேன்னு பாக்கறேன்."

மூத்தவன் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப என் முடி எப்போ கொட்டும்னு உங்க தலையைப் பாத்தே தெரிஞ்சுக்கலாம். நாப்பதுல இதானே?"

"முப்பத்தைந்தில்."

"நல்லாருக்கு. மத்தவனுக்கெல்லாம் விதி கண்ணுக்குத் தெரியாது. எனக்கு எதிர்ல உக்காந்து சோறு திங்குது."

இளையவன் கையைத் துடைத்துக்கொண்டு, "ஒரு சந்தேகம்ப்பா. நகல்னா தாமதமாப் பொறந்த ரெட்டைப் பிள்ளை மாதிரின்னு நீங்கதானே மனப்பாடம் பண்ண வெச்சீங்க. அப்ப நீங்க எனக்கு அண்ணன்" என்றான்.

"ஒரு நோக்கில் ஆம்."

"அப்ப அம்மா எனக்கு அண்ணி."

"வாயை மூடுடா" என்றாள் மனைவி.

"சரிங்க அண்ணி."

அவள் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். எனக்கு வைக்க வேண்டியது என்று பின்னர் சொன்னாளாம்.

நடுவன் மட்டும் சிரிக்கவில்லை. "நாங்க எதுக்குப் பொறந்தோம்? நாளைக்கு ஓட்டுப் போடவா?"

"ஆம்."

"அதுக்கப்புறம்?"

அதற்கப்புறம் என்பதைப் பற்றி நான் எண்ணியிருக்கவில்லை. அதை மறைக்காமல் சொன்னேன்.

"தீர்மானம் ஜெயிச்சா எனக்கு அந்த ஆஸ்பத்திரி கிடையாது. மூச்சு வாங்கினா எங்கப்பா போறது?"

"அறத்திற்கு விதிவிலக்கு இல்லை" என்றேன். அவன் தலையசைத்தான், சட்டைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து ஓரிழுப்பு இழுத்தான். "பிள்ளை பிள்ளைக்காகவே பொறக்கணும். இதைச் சொன்னாத்தான் எனக்குப் பாலு" என்றான். உச்சரிப்பு நன்றாயிருந்தது.

மூவரும் தீர்மானத்திற்கு எதிராகவே வாக்களிப்பதாகச் சொன்னார்கள். மனைவி, காலையில் முதல் ஆளாக வாக்களித்துவிட்டு அங்கிருந்தே தன் அண்ணன் வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள், சொன்னபடி போனாள்.

என் நிலையை எண்ணிப் பாருங்கள். இருபத்திரண்டு ஆண்டுத் தவம். காலையில் மாடிப் புத்தக அறையிலிருந்த அலமாரி ஒன்றை நகர்த்தித் தரச் சொல்லி மூவரையும் அழைத்தேன். எவ்வளவு சினம் இருந்தாலும் கூப்பிட்டதும் வந்தார்கள், நல்ல பிள்ளைகள். வெளியே வந்து கதவைப் பூட்டினேன். உள்ளே குடிநீர், ரொட்டி, வாழைப்பழம், படிக்க என் கட்டுரைகள் எல்லாம் முன்னரே வைத்திருந்தேன். கைபேசிகளைக் கீழே மின்னேற்றத்தில் போட்டிருந்தார்கள். கொடுமைப்படுத்தும் நோக்கம் இருந்திருந்தால் வாழைப்பழம் வைத்திருப்பேனா.

முதலில் நானாகச் சென்று வாக்களித்தேன். பிறகு வீடு திரும்பி, மூத்தவனின் சட்டையும் தொப்பியும் அணிந்து சென்றேன். வாக்குச் சீட்டு வழங்கியவர் மருத்துவமனைப் பதிவு மேசை அம்மாள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளைத் தவழ்ந்த நாள் முதல் அறிந்தவர்.

"என்ன தம்பி, ஒரே நாள்ல இவ்வளவு வாடிப் போயிட்டே?"

"தூக்கமில்லைங்க அக்கா" என்றேன். என் வாழ்நாளில் முதன்முறையாகப் பேச்சுவழக்கில் பேசினேன். கூசியது.

"முகத்தைப் பாத்தா உங்கப்பாவுக்கே அப்பா மாதிரி இருக்கே. நல்லா சாப்பிடு" என்று சொல்லிச் சீட்டைக் கொடுத்தார்.

நடுவனாகச் செல்வது சற்றுக் கடினம். அவனை எல்லோரும் மூச்சிரைப்பால்தான் அடையாளம் காண்பார்கள். தலையை மூடும் அவனுடைய முக்காட்டுச் சட்டை மட்டும் போதாது. இருமலும் வேண்டும், கையில் இன்ஹேலரும் வேண்டும். அதனைக் காலையிலேயே, அலமாரி நகர்த்த வந்தவன் கழற்றி அறைக்குள் கதவுக் கைப்பிடியில் மாட்டியிருந்த சட்டையிலிருந்து எடுத்துவைத்திருந்தேன். வேடத்திற்கு இன்றியமையாதது. அம்மாள் பரிவுடன் எனக்கு நாற்காலி போட்டார். இளையவனாகச் சென்றபோது அவன் மேடையில் அணியும் இந்தப் பொய்முடி உதவியது. கால்சட்டை பற்றி முன்பே கூறினேன்.

ஒரு வாக்கில் வென்றோம். முடிவை அறிவித்தபோது நான் மருத்துவமனை மண்டபத்தின் பின்வரிசையில் இளையவனாக நின்றுகொண்டிருந்தேன். வேடம் கலைக்க வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்; கைத்தட்டலைக் கேட்கும் ஆசை என்னை நிறுத்திவிட்டது. கண்ணீர் பெருகியது. மனிதரின் தனித்தன்மை காக்கப்பட்டது என்று உள்ளுக்குள் துதித்தேன்.

வீட்டில் நடந்ததைப் பிறர் சொல்லித்தான் அறிந்தேன். புத்தகத் தூசியில் நடுவனுக்கு இரைப்புக் கண்டிருக்கிறது. சட்டைப்பையைத் தேடியிருக்கிறான். இளையவன் சன்னல் வழியே உதவி கேட்டுக் கூவியிருக்கிறான். அவன் குரல் என் குரல். நான் வழக்கம்போல் ஓதத் தொடங்கிவிட்டேன் என்று கருதி அக்கம்பக்கத்தார் தத்தம் சன்னல்களைச் சாத்திக்கொண்டார்களாம். மூச்சுக்குத் திணறியபடியே நடுவன்தான் ரொட்டித் தட்டில் நான் வைத்திருந்த கரண்டியின் காம்பால் கதவுக் கீல்களின் திருகுகளைக் கழற்றியிருக்கிறான். கடைசித் திருகு கழன்றதும் அவனும் சாய்ந்துவிட்டான்.

இளையவன் அவனை முதுகில் சுமந்துகொண்டு மண்டபத்தை ஒட்டிய அவசரப் பிரிவுக்குள் ஓடிவந்தான். பதிவு மேசை அம்மாள் அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்தத் தம்பி இப்பத்தானே இருமிக்கிட்டே ஓட்டுப் போட்டுட்டுப் போச்சு. அந்தத் தம்பி அங்க நிக்குது. அப்ப இவனைத் தூக்கிட்டு வந்தது யாரு" என்றார். உடன் ஓடிவந்த மூத்தவன் என் அருகில் வந்தான். பொய்முடியைச் சற்றே தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி ஒழுங்காக வைத்தான். தொழில் பழக்கம்.

தொட்டில் டாக்டரும் கீழே வந்திருந்தார். "இவன் இன்ஹேலர் எங்க? எப்பவும் வெச்சிருப்பானே" என்றார். என் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கேட்ட மாத்திரத்தில் கொடுத்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நடுவன் பிழைத்துக்கொண்டான். முகமூடி வழியாக மூச்சு விடுகிறான். இன்னும் சில நாள் கட்டிலில் கிடக்க வேண்டுமாம். ஆனால் தீர்மானம் நாளைக் காலை நடைமுறைக்கு வருகிறது. வந்தால் அவன் உறுப்பினன் அல்லன். கட்டிலைக் காலி செய்ய வேண்டும். அந்த மூன்று வாக்குகளை இட்டது நான்தான் என்று ஒரு வரி சொன்னால் அவை செல்லாதவையாகும், தீர்மானம் வீழும், பிள்ளை அங்கேயே இருப்பான் என்று நீங்கள் மீண்டும் மீண்டும் பொறுமையாக விளக்குகிறீர்கள். உங்கள் நல்லெண்ணம் புரிகிறது. என் மனைவியும் வாசலில் அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரியும்.

சீட்டுகளைப் பெட்டியில் இட்டது இந்தக் கைதான். கதவைப் பூட்டியதும், மருந்தை எடுத்ததும், மனைவியிடம் மறைத்ததும் இந்தக் கைதான். எதையும் மறுக்கவில்லை. ஆனால் வாக்குகள் என்னுடையவை என்று சொல்ல என் மனச்சான்று இடந்தரவில்லை, ஐயா. அவர்கள் மூவரும் நன்கு தெளிந்து சிந்தித்திருந்தால் எவ்வாறு வாக்களித்திருப்பார்களோ அவ்வாறே நான் இட்டேன். அவர்கள் உள்ளத்தை என்னைவிட அறிந்தவர் யார். நான் அவர்களை ஒருநாளும் என் நகல்களாக நடத்தியதில்லை. ஒவ்வொருவனும் இறைவன் ஒரே ஒருமுறை வனைந்த தனித்த உயிர் என்றுதான் நடத்தினேன். அதை நாள்தோறும் அவர்கள் வாயாலேயே சொல்லவும் வைத்தேன்.

ஆகவே மூவரும் மனமுவந்து தாமாகவே வாக்களித்தார்கள் என்று எழுதுங்கள். அதற்கு அவர்களுடைய கையெழுத்து வேண்டுமென்றால் மருத்துவமனை வரை ஆள் அனுப்ப வேண்டாம். பேனாவை இப்படிக் கொடுங்கள்.